கடனைக் கட்டி மீட்க வேண்டாம்
(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"செங்கல் சூளையில் இருக்கும் ஒரு குடும்பத்தை மீட்க" என்று உறையின் மேல் எழுதி, உங்களில் சிலர் காணிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பணம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய காரியத்துக்கு நாங்கள் அதைச் செலவிடவில்லை. ஏன் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருந்தார். அவருக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரசவ வார்டுக்கு ஓர் இருளர் தாய் வந்தார். உடம்பில் இரத்தமே இல்லை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், சூளை மேஸ்திரி வார்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். நலம் விசாரிக்க வந்தவர் என்று நினைத்து எங்கள் செவிலியர் அவருக்குத் தேநீர் கூடக் கொடுத்தார்கள். அவரோ அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைத்துப்போக வந்தவர். கணவர் வாங்கிய முன்பணம் பல வருடம் வேலை செய்தும் குறையவில்லையாம், கூடியிருந்ததாம். எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. எங்களுக்குள் பணம் சேர்த்து, குறைந்ததை ஒரு காணிக்கை உறையிலிருந்து எடுத்து, கடனை அடைத்துவிட்டோம். மேஸ்திரி எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ரசீது இல்லை.

அதே பணத்தைப் பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு குடும்பத்துக்கு முன்பணமாகக் கொடுத்து அழைத்துப் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் "மீட்ட" குடும்பமோ, ரேஷன் கார்டும் இல்லாமல் வேலையும் இல்லாமல், அடுத்த தை மாதம் வேறு சூளையில் முன்பணம் வாங்கியிருந்தது. இதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, அங்கிருந்த அதிகாரி ஒருவர் எங்களைப் பார்த்து, "இல்லாத கடனை எதற்காகக் கட்டினீர்கள்?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னது சட்டம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், அப்படிப்பட்ட கடனைத் தீர்த்துக்கட்டியே விட்டது. தீர்ந்துபோன கடனுக்குப் பணம் வாங்குவதே மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. ஆக, நாங்கள் தர்மம் என்று நினைத்துச் செய்தது, ஒரு குற்றத்துக்கு முதல் கொடுத்ததாக முடிந்தது.

ஆள் கடத்தல் என்றால் கண்ணாடி மூடிய வண்டியும், வாயைக் கட்டித் தூக்கிப் போவதும்தான் நினைவுக்கு வரும். மேஸ்திரி அப்படி வருவதில்லை. கையில் ரூபாய் நோட்டுடன், பண்டிகைக்கு முன்னால், சிரித்த முகமாக வருகிறார். அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனிதர் வாணிபத்தையும் கட்டாய வேலையையும் ஒரே மூச்சில் தடை செய்தது காரணமில்லாமல் அல்ல. 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இருக்கும் புதிய சட்டத்தின் 143ஆம் பிரிவும், ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரை அடிமை வேலைக்குச் சேர்ப்பதை ஆள் கடத்தல் என்றே சொல்லுகின்றன. அந்தக் குற்றத்தைப் போலீசார் விசாரிக்கிறார்கள். அதற்கெனத் தனிப் பிரிவும் அவர்களிடம் உண்டு. ஆனால் "நீ விடுதலை" என்று எழுதிக் கையெழுத்திடுவது வருவாய்த் துறை: மாவட்ட ஆட்சியரும், அவர் கீழ் கோட்டாட்சியரும், சார் ஆட்சியரும்.

அந்த அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று பிறகு பலமுறை கிட்ட இருந்து பார்த்தோம். தகவல் ஒரு மனுவாக வரலாம், தொலைபேசியில் வரலாம். கோட்டாட்சியர் வட்டாட்சியரையும், வருவாய் ஆய்வாளரையும், கிராம நிர்வாக அலுவலரையும், தொழிலாளர் துறையினரையும், காவலர்களையும் கூட்டி ஒரு குழு அமைக்கிறார். எந்தச் சூளைக்குப் போகிறோம் என்று வண்டி புறப்படும் வரை பலருக்குத் தெரியாது. தெரிந்தால் போய்ச் சேருமுன் சூளை காலியாகிவிடும்.

அங்கே போனதும், முதலாளியின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குத் தொழிலாளரை அழைத்துப் போகிறார்கள். இது சின்னக் காரியமாகத் தோன்றும். ஆனால் விசாரணையின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதலாளி நிற்கும்போது, "நல்லா வச்சிருக்காருங்க சாமி" என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஒருமுறை ஒரு பெரியவர் வேப்பமரத்தடியில் கால்மணி நேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தார். ஆய்வாளர் அவசரப்படுத்தவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகுதான் கேள்விகள். முன்பணம் எவ்வளவு? வேறு இடத்துக்கு வேலைக்குப் போகலாமா? ஊரில் சாவு என்றால் குடும்பமாகப் போய்வர விடுவார்களா? ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கூலி, அதில் கையில் வருவது எவ்வளவு? நீங்கள் விளைத்ததை, வைத்திருப்பதைச் சந்தை விலைக்கு விற்கலாமா?

இந்தக் கேள்விகள் மனம்போனபடி கேட்பவை அல்ல. கடனை முன்னிட்டு ஒருவன் குறைந்த கூலிக்கு வேலை செய்தாலோ, வேறு வேலை தேடும் உரிமையையோ, நாட்டில் எங்கும் போகும் உரிமையையோ, தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தாலோ அது கொத்தடிமை என்று சட்டம் சொல்லுகிறது. சங்கிலி வேண்டியதில்லை. அடி உதை கூட வேண்டியதில்லை. "இது அந்த வகைக் கடன் அல்ல" என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான் விழுகிறது. கட்டாய வேலை என்று தெரிந்தால் அது கொத்தடிமையென்றே கொள்ளவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்று. ஒரே ஒரு தாள். பெயர், ஊர், வேலை வாங்கியவர், கடன் தீர்ந்தது என்ற வாசகம், முத்திரை. வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுக்கவேண்டும், மனைவிக்கும் தனியே. கணவன் பெயரில் மட்டும் எழுதிவிட்டால், நாளைக்கு அவள் விதவையாகும்போது கையில் ஒன்றும் இராது.

இந்தத் தாள் இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். 2022க்கு முன் அது 20,000 ஆக இருந்தது. பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மூன்று லட்சம் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்திருக்கிறது. வீட்டுமனை, வேலை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவையும் அதில் சேரும். இருளருக்கு வேண்டிய பழங்குடிச் சாதிச் சான்றில் கையெழுத்திடுவதும் இதே கோட்டாட்சியர்தான். அதனால் மனமுள்ள அதிகாரி ஒருவர் அமைந்தால், ஒரே வாசலில் பல கதவுகள் திறக்கின்றன.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பெருந்தொகை வழக்கின் முடிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. உடனடி உதவியோடு நின்றுபோன குடும்பங்களை எங்களுக்கே தெரியும். "கூலித் தகராறு" என்று எழுதி, சான்று கொடுக்காமல் பேருந்து ஏற்றி அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். 1978 முதல் நாடு முழுவதும் மறுவாழ்வு பெற்றதாக அரசு காட்டும் கணக்கோ சுமார் 3 லட்சம். கோட்டாட்சியர் மேசையில் பட்டா, தேர்தல், வெள்ள நிவாரணம் எல்லாம் கிடக்கின்றன என்பதும் உண்மையே. சட்டப்படி கோட்டம்தோறும் ஒரு விழிப்புக் குழு இருக்கவேண்டும். அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மூவரும் சமூக சேவகர் இருவரும் இடம்பெற வேண்டும். குழு ஒழுங்காகக் கூடுகிற இடத்தில் மேசையில் கிடக்கும் மனு நகருகிறது. கூடாத இடத்தில் தூங்குகிறது.

வெளிமாநிலத்தார் காரியம் இன்னும் கடினம். ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வருகிறவர்கள், தங்கள் அறுவடைப் பண்டிகைக் காலத்தில் முன்பணம் வாங்குகிறவர்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று மூவரும் சேர்ந்து ஒரு கூட்டாகக் கல் அறுக்கிறார்கள். இங்கே கொடுத்த சான்றின் நகல் அங்கேயுள்ள ஆட்சியருக்குப் போய்ச் சேராவிட்டால், ரயிலிலிருந்து இறங்கும்போதே பழைய தரகர் காத்திருப்பார்.

இதில் மருத்துவமனைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாங்கள் எழுதும் குறிப்புதான் வேலை. பிள்ளையின் வயது, கையிலிருக்கும் தழும்பு, எடை, வந்த தேதி, அழைத்து வந்தவர் யார் என்பதை முதல் நாளே பதிவேட்டில் ஏற்றினால், பிற்பாடு விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும் அதைப் பார்க்கிறார்கள். அந்த முதல் தாயின் சீட்டில் நாங்கள் இரத்த அளவையும் பிரசவ நேரத்தையும் மட்டுமே எழுதியிருந்தோம். வாசலில் ஒருவர் காவல் உட்கார்ந்திருந்ததை யாரும் எழுதவில்லை. இப்போது வார்டில் அதற்கென ஒரு பத்தி இருக்கிறது. யாராவது அப்படி வந்து உட்கார்ந்தால் தேநீர் கொடுக்குமுன் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி போகிறது.

அந்தத் தாய் இரண்டாவது சூளையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டார். சான்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, கூரையின் மூங்கிலில் செருகி வைத்திருக்கிறார். வழக்குக்கு மூன்று வாய்தா ஆகிவிட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்கள் இருவரும் ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வரவேண்டும். போன முறை காசு இல்லாமல் வரவில்லை, வழக்கு தள்ளிப்போயிற்று. உங்கள் உறைகளிலுள்ள பணத்தை இந்தப் போக்குவரத்துக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும் செலவிடலாமா என்று கேட்கத்தான் இங்கே நிற்கிறோம். சம்மதமானால் உறையின் எண்ணைக் குறித்து அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அடுத்த வாய்தாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.