தென்னையின் படிவெட்டும் பிள்ளையின் பல்லும்



மூணாறு பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் கோழி கூவுமுன்பே கிளம்பியிருப்பீர்கள். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று இரண்டு முறை மாநில எல்லையைத் தாண்டி, கேரளத்திலிருந்து கேரளத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நம் பிள்ளைகளின் படிப்பும் கிட்டத்தட்ட இதே பாதைதான். வீட்டில் தமிழ். கடைவீதியில் தமிழும் மலையாளமும். பத்தாம் வகுப்பு வரை உயிரியல் தமிழில். பதினொன்றில் கால் வைத்ததும் ஆங்கிலம். இத்தனை செக்போஸ்ட்டையும் தாண்டிய பிறகு அந்தப் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? இன்று நாள் முழுக்க நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கலைச்சொல் பற்றியவை. சொல் வேண்டியதுதான், அதற்கு நான் பிறகு வருகிறேன். தலைமை ஏற்றவன் என்ற உரிமையில், முதலில் உங்களுக்கு ஒரு மரத்தைக் காட்டிவிடுகிறேன்.

இந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. காலையில் அதற்குள் போய் நின்றேன். பழைய மரங்களில் ஏறுவதற்காகக் கொத்திவிட்ட படிகள் அப்படியே இருக்கின்றன. வெட்டி முப்பது வருடமாவது இருக்கும் என்றார் தோப்புக்காரர். விரலை வைத்துப் பார்த்தேன். விளிம்பு மழுங்கவில்லை, மூடவில்லை. கறுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதே தோப்பின் வேலியோரம் ஒரு வேம்பு. என்றோ அதன் கிளையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை உதடு போலத் திரண்டு, உள்நோக்கி வளர்ந்து, ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் மட்டும் பாக்கி. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். வேம்பின் காயம் மூடுகிறது, தென்னையின் காயம் மூடவில்லை. ஏன்?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு செடியையும் மனித உடம்பையும் சேர்த்தே நடத்திவிடலாம் என்பது என் எண்ணம். நம் பாடத்தில் தாவரவியல் ஒரு பக்கம், மனித உடலியல் ஒரு பக்கம் என்று இரண்டு தனி வீடுகளாக நிற்கின்றன. பிள்ளைகள் ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றொன்றுக்குள் நுழைகிறார்கள்.

வேம்பின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்து பிரிந்து உட்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் புளோயத்தையும் உண்டாக்குகின்றன. கேம்பியம் என்கிறோம். மரம் ஆண்டுக்காண்டு பருப்பதும், வெட்டுவாயை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருவதும் அதன் வேலை. தென்னைக்கும் பனைக்கும் அந்த அடுக்கு கிடையாது. அவற்றின் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, வெளிப்புறத்தில் நெருக்கமாக, உள்ளே போகப்போகத் தளர்வாக. அதனால்தான் தென்னையின் உறுதியெல்லாம் ஓரத்தில், நடுப்பகுதி மெத்தென்று இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே கூடையில்தான் வைக்கிறது. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இரண்டையும் கோடாலியால் வெட்டிப் பார்த்தவர் கைக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கும். அந்தக் கோடாலி இன்றும் நம் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிறது.

தென்னைக்கு வளர்ச்சி எல்லாம் உச்சியில், ஒரே ஒரு குருத்தில். காண்டாமிருக வண்டு அந்தக் குருத்தின் உயிர்நிலையைத் தின்றுவிட்டால் மரம் முடிந்தது. இடுக்கி நண்பர்களே, உங்கள் தேயிலையைப் பாருங்கள். கொழுந்தைக் கிள்ளக் கிள்ளப் பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. நுனி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டை அடக்கி வைத்திருக்கிறது, நுனி போனதும் பக்க மொட்டுக்கு வழி கிடைக்கிறது. எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டும் அம்மாவின் பிள்ளைக்கு, பிரிந்து வளரும் இந்தச் செல்களுக்கான ஆக்குத்திசு என்ற சொல்லைத்தான் நாம் புதிதாகக் கொடுக்க வேண்டும். வேலை அந்த வீட்டுக்குத் தெரிந்த வேலை.

இனி நம் உடம்புக்கு வருவோம். முழங்கால் சிராய்ந்தால் பத்து நாளில் தோல் மூடிவிடுகிறது, ஏனென்றால் மேல்தோலின் அடியடுக்கில் பிரியும் செல்கள் இருக்கின்றன. எலும்பு முறிந்தால்கூடச் சேர்கிறது. பல்லின் மேல் உறையான எனாமல் மட்டும் அப்படியில்லை. அதை உண்டாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. அதற்குப் பிறகு எனாமலில் உயிருள்ள செல் கிடையாது. அது உருவான காலத்தில் ஏற்பட்ட குறை ஆயுசுக்கும் நிற்கும், தென்னையின் படிவெட்டு மாதிரி.

ஏன் பல்லை எடுத்தேன் என்பது இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்குப் புரிந்திருக்கும். நாம் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம். மேற்கே கொட்டும் மழை இங்கே வந்து சேருவதற்குள் மெலிந்துவிடுகிறது. மழை குறைந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு பெருகும். கடினப் பாறையின் இடுக்குகளில் நெடுநாள் தங்கிய தண்ணீர், பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிக் கிணறுகள் சிலவற்றில் அது அளவை மீறியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. சிறிதளவு ஃபுளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மீறினால், எனாமலைக் கட்டும் செல்களின் வேலையையே குலைத்துவிடும். நிலைப்பற்களின் எனாமல் உருவாவது பெரும்பாலும் 8 வயதுக்குள். அந்த வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு, முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டாகவும் காவிக் கோடாகவும் எழுதப்பட்டு வருகிறது. வயது ஏறியபிறகும் அதே தண்ணீரைக் குடித்துவந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான் எலும்பை இறுக்கும் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இதைப் பாடமாக நடத்தத் தெரியாமல் நான் செய்த ஒரு பிழையை இந்த அவையில் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். முன்பற்களில் காவி. ஒருநாள், 'பல்லை ஒழுங்காகத் தேய்க்கக் கூடாதாம்மா' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் அவள் அம்மா வந்தார். 'செங்கல் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறெல்லாம் புண்ணாகிப் போச்சுங்க சார்' என்றார். செங்கல் பொடி எனாமலைத் தேய்க்குமே தவிர, அந்தக் கறையை எடுக்காது. கறை பல்லின் மேல் படிந்ததில்லை, பல்லோடு பிறந்தது. உயிரியல் ஆசிரியர் நான். எனக்கு அன்று அது தெரியவில்லை. பல்லின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிக்க மட்டும் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் வாயில் இருந்த பாடத்தை நான் படிக்கவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும் என்பதையாவது இந்தப் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கொண்டுபோக வேண்டும். நம் பாடத்திட்டத்தால் ஆகக்கூடிய காரியம் இது.

அடுத்து, செடிக்குள் சத்து ஓடும் பாதையைக் காட்டக் கடலைக்காய். கடலைப்பூ காலையில் விரியும், அன்றே வாடிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதுதான் அதிசயம். சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, நுனியில் சூலைச் சுமந்தபடி மண்ணை நோக்கி இறங்குகிறது. 'விழுது இறங்கிருச்சு' என்பார்கள் நம் விவசாயிகள். விழுது மண்ணுக்குள் இருட்டில் புதைந்தால்தான் காய் கட்டும். 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது வழக்கம். ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரை. எதற்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். 'உரம் சார்' என்பார்கள். வேருக்குப் போடும் உரமானால் செடியின் தூரை விட்டு விழுது இறங்கும் இடத்தில் ஏன் போட வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் வேர் வழியே சைலத்தில் ஏறினால், நீராவிப்போக்கு இழுக்கும் திசையில் இலைக்குப் போய்விடும். இலையிலிருந்து கீழே இறங்கும் புளோயம் சர்க்கரையைச் சுமக்கும், கால்சியத்தை ஏறக்குறைய சுமப்பதே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாகிப் போவதுமில்லை, அதனால் சைலமும் அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது. எனவே விழுதும் காயும் தங்களுக்கு வேண்டிய கால்சியத்தைத் தம் தோலாலேயே மண்ணிலிருந்து உறிஞ்சியாக வேண்டும். கிடைக்காவிட்டால் காய் பொக்கு. சைலம் மேலே, புளோயம் கீழே என்று இரண்டு அம்புக்குறி போட்டுப் பாடத்தை முடிக்கிறோமே, அந்த அம்புக்குறிகள் என்ன செய்கின்றன என்பது ஒரு பொக்குக் கடலையை உடைத்துக் காட்டினால் தெரியும். புளோயத்தின் ருசி வேண்டுமானால் தெளுவு குடித்தால் போதும். பனம்பாளையைச் சீவி இறக்கும் தெளுவு, அந்தக் குழாய்களில் ஓடும் சர்க்கரைத் தண்ணீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவவில்லையென்றால் ஈஸ்ட் அதைக் கள்ளாக்கிவிடுகிறது. சித்தூர்ப் பிள்ளைக்கு நொதித்தலைப் படத்தில் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஒரு விடைத்தாளில் 'நுரையீரல் ஒரு செல்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு, பிறகு யோசித்தேன். மலையாளத்தில் செல்லுக்குக் கோசம் என்று பெயர், நுரையீரலுக்கு ஸ்வாசகோசம். பையன் இரண்டையும் தெருவில் கேட்டுத் தமிழில் பொருத்தியிருக்கிறான். புத்தி வேலை செய்ததால் வந்த தவறு அது. இலங்கைத் தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் செல்லுக்குக் கலம், ஒளிச்சேர்க்கைக்கு ஒளித்தொகுப்பு, சைலத்துக்குக் காழ் என்றிருக்கும். வைரத்தைக் குறிக்கும் தொல்காப்பியர் காலத்துச் சொல் அங்கே வகுப்பறையில் வாழ்கிறது. எது சரி என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. தென்னையின் படிவெட்டைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு மூன்று பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம், மூன்றும் ஒட்டிக்கொள்ளும். தொடாத பிள்ளைக்கு ஒரு பெயரும் ஒட்டாது.

தமிழில் முடியுமா என்று இன்னும் கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு பற்றிய அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் அச்சேறியது. சேலத்தில் 1916-இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லுக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோவையில் ஜி.ஆர். தாமோதரனின் கலைக்கதிர் அறிவியல் இதழ் பிறந்தது. அதன் பழைய இதழ்களைப் புரட்டித்தான் நான் விலங்கியலில் ஆசை வைத்தேன். ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு இன்று ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மாலைக்குள் ஒவ்வொருவரும் தம் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை வைத்து ஒரு பாடம் எழுதித் தாருங்கள். மறையூர்க்காரர்கள் சந்தனத்தை எழுதட்டும், பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள் எழுதினால்தான் நன்றாயிருக்கும். இந்தப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் தண்ணீரை எழுதட்டும்.

பகல் உணவுக்குப் பிறகு முதல் அமர்வு மண்டபத்தில் கிடையாது. தோப்பை ஒட்டிய கடலைக் காட்டில் நாலு செடி பிடுங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் தோப்புக்காரர். 45 நாள் பயிர், விழுது இறங்கும் பருவம். காலையில் தண்ணீர் பாய்ச்சியிருப்பதால் மண் ஒட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.


கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.