மருந்து போட்ட தண்ணீரா? மிச்ச மருந்து எங்கே?



ஆலைவாசல் கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் என்னை நிறுத்திக் கேட்டார்: "குழாயிலே வருவது மருந்து போட்ட தண்ணீர்தானே அண்ணே, அதிலே ஏது கிருமி?" நியாயமான கேள்வி. ஓர் ஊரின் கதையைச் சொல்லியே பதில் கூறுகிறேன்.

கனடா நாட்டில், ஒண்டாரியோ மாகாணத்தில், வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை சுமார் 4,800. 2000-ம் ஆண்டு மே மாதம் அங்கே கனத்த மழை. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டெருவிலிருந்த கிருமி, மழைநீரோடு இறங்கி, ஆழமில்லாத ஓர் ஊர்க்கிணற்றில் சேர்ந்தது. ஈ.கோலி என்ற குடல் கிருமியில் அது கொடிய ரகம். எருப் போட்ட விவசாயி மேல் குற்றமில்லை என்று பின்னால் விசாரணை நடத்திய நீதிபதி ஓகானர் சொல்லிவிட்டார்.

அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போட்டார்களா? போட்டார்கள், போதிய அளவு போடவில்லை. இந்த இடத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். தண்ணீரில் அழுக்கு இருந்தால் குளோரின் அதிலே செலவாகிவிடும். செலவு போக மிச்சம் நிற்கும் குளோரின்தான் நமக்குக் காவல். அங்கே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம், 15 நிமிஷம் நின்றிருக்க வேண்டும். தினமும் சோதித்து எழுத வேண்டிய ஊழியர்கள், சோதிக்காமலே நோட்டில் பொய்க் கணக்கு எழுதினார்கள்.

அது மட்டுமா? 1996-ல் மாகாண சர்க்கார், ஊர்த் தண்ணீரைச் சோதித்து வந்த தன் சோதனைச்சாலைகளை அந்த வேலையிலிருந்து விலக்கிக்கொண்டது. வேலை தனியார் கைக்குப் போயிற்று. கிருமி கண்டால் சுகாதார அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் சட்டமாக்கவில்லை. மே 17-ந் தேதி, கிருமி இருக்கிறதென்று சோதனைச்சாலை தண்ணீர் நிர்வாகத்துக்கு மட்டும் தெரிவித்தது. சுகாதார இலாகா விசாரித்தபோது, தண்ணீரில் குறையில்லை என்று நிர்வாகி சாதித்தார். காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு மே 21-ந் தேதிதான் வந்தது. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் மாண்டார்கள். குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது.

பொய் எழுதியவன் குற்றவாளிதான். அந்தப் பொய்யைப் பிடிக்க வேண்டிய கண்ணைப் பிடுங்கியது யார்? சர்க்காரின் செலவு வெட்டையும் 2002-ல் வந்த ஓகானர் அறிக்கை சும்மா விடவில்லை.

நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் குழாய்களில் பல இடங்களில் நாள் முழுதும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்ற வேளையில், வெடித்த குழாய் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி வையுங்கள். குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாதீர்கள்.

ஆனால் கூலிக்காரக் குடும்பம் தினமும் குடம் குடமாகக் காய்ச்ச எரிபொருளுக்கு எங்கே போகும்? கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் நிற்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால், நிறமே அளவைச் சொல்லிவிடும். சில நிமிஷ வேலை.

ஆகவே பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்: மருந்து போட்டீர்களா என்றல்ல, எங்கள் தெருவில் மிச்சம் எவ்வளவு, அளந்தவர் யார், எங்கள் கண்ணெதிரே அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள்!