ஆய்வுக்கு ஆளாகும் மக்கள் ஆய்வாளர் ஆவது எப்போது?

(தாராவியில் நடந்த நம் சங்கத்தின் மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் பயிற்சியும் என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் போராடுகிற மக்களுக்கு இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

தாராவியைப் போல ஆராயப்பட்ட குடிசைப் பகுதி இந்தியாவிலேயே குறைவு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட நம் முன்னோர் கதை, குஜராத்திலிருந்து வந்த குயவர் கதை எல்லாம் ஏடுகளில் ஏறியிருக்கின்றன. கேள்வித்தாளோடு வந்தவர்கள் பட்டம் பெற்றார்கள். பதில் சொன்ன நம் தாய்மார்கள் அதே குழாயடியில் நிற்கிறார்கள். வந்தவர்களில் நமக்காக வாதாடிய நல்லவர்கள் பலர் உண்டு. ஆனால் எதைக் கேட்பது, எதை விடுவது, எதை அச்சில் ஏற்றுவது என்று முடிவு செய்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் இருந்தார்கள்?

கணக்கு என்பது சாதாரணப் பொருள் அல்ல, தோழர்களே! 1960களில் இதே பம்பாயில் ‘மார்மிக்’ ஏடு தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. அந்தப் பட்டியல்தான் நம்மவர் கடைகள் மீது கல்லாக வந்து விழுந்தது. 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் வந்தவரா, பின் வந்தவரா, தரைத் தளமா, மேல் தளமா என்பதை வைத்தே யாருக்கு எங்கே வீடு என்பது தீர்மானமாகிறது. 2027இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் சாதியும் கேட்கப்படும். எண்ணுகிறவன் கையில் பேனா; எண்ணப்படுகிறவன் தலையில் எண். இந்த நிலை மாற நம் பிள்ளைகள் ஆராய்ச்சி கற்க வேண்டும்.

இதற்கு நமக்கு முன்னோடி இந்த நகரத்தின் தொழிலாளர் குடியிருப்பிலேயே வாழ்ந்தவர். பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் என்று மூன்றாண்டுக்குத் தந்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அண்ணல் அம்பேத்கர். 1916இல் அங்கே அவர் படித்த ஆய்வுக் கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றியது. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் இவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வளவு பெரிய அறிவுக்கும் பணம் நின்றபோது படிப்பு நின்றது. இதை மறக்கக் கூடாது.

இன்று என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு. இதில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் என்று 2023 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். வயது வரம்பு 30. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு ஐந்தாண்டு சலுகை. இரண்டாவது, இதே தேர்வின் வழியாக வரும் தேசிய உதவித்தொகைகள். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கானது 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. பிற்படுத்தப்பட்டோருக்கும் தனியாக ஒன்று உண்டு. மூன்றாவது, 1969இல் அமைக்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகையும், ஆய்வுத் திட்டங்களுக்குப் பணமும், ஆய்வுமுறைப் பயிற்சி வகுப்புகளும் இதன் வழி கிடைக்கின்றன. கேள்வித்தாள் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, கணிப்பொறியில் புள்ளிவிவரம் அலசுவது ஆகியவற்றைப் பத்துநாள் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதன் மேற்கு மண்டல மையம் மும்பைப் பல்கலைக்கழகத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கலீனாவில் இருக்கிறது. 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிலையம் தேவநாரில் இருக்கிறது. சென்னையில், மால்கம் ஆதிசேசய்யா 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வாசல்கள் இல்லாமல் இல்லை.

ஆனால் வாசலுக்கு வாசல் ஒரு குறுக்குக் கட்டை. நெட் தேர்வில் மொழிப் பாடங்களைத் தவிர மற்றப் பாடங்களுக்குக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை சமூகவியலைத் தமிழில் சிந்தித்து இந்தியில் வாசித்துப் பதில் எழுத வேண்டும். அந்தத் தேர்வாவது ஒழுங்காக நடக்கிறதா? 2024 ஜூன் 18இல் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். மறுநாளே ரத்து என்று அறிவித்தார்கள். கடன் வாங்கிப் பயிற்சி வகுப்புக்குப் போனவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்குமா?

நெட்டில் உதவித்தொகை கிடைக்காதவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்பட்ட மாதம் 8,000 ரூபாயையும் 2015இல் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு அலுவலக வாசலில் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். சிறுபான்மை மாணவர்க்கான மவுலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது; மற்றத் திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது என்று காரணம் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விட ஆழமான காயம் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாட்டில் படிக்க 1954-55 முதல் ஒரு தேசியத் திட்டம் இருந்து வருகிறது. இன்று ஆண்டுக்கு 125 இடம். 2022 பிப்ரவரியில் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்றார்கள். அவற்றைப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதாம்! அப்படியானால் 1916இல் அம்பேத்கர் எழுதிய கட்டுரைக்கு இந்த விதியின்கீழ் ஒரு காசு கிடைத்திருக்காது. அவர் பெயரைச் சொல்லி மாலை போடுகிறவர்கள், அவர் நடந்த பாதையில் வேலி போடுகிறார்கள். 2025இல் இதே திட்டத்துக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் தந்து, மற்றவர்க்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அரசைப் பற்றி நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, புலம்பெயர்ந்து வாழும் நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறோம். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒருவர் வேலைக்காகக் குடும்பத்தோடு பம்பாய் வந்தார். இங்கேயே படித்த அவர் மகன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். 1990இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தின் பட்டியல் மறு மாநிலத்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே நம் பிள்ளை சயான் மருத்துவமனையில் பிறந்து, இங்கேயே வளர்ந்திருந்தாலும், தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி மராட்டிய மாநிலச் சலுகை பெற முடியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதைதான் நம் கதை.

இதைக் கேட்டுச் சோர்ந்து எல்லாமே போயிற்று என்று இருந்துவிடுகிறோமே, அதுதான் பெரிய நட்டம். மாநிலத் திட்டம் வேறு, மத்தியத் திட்டம் வேறு. பிறந்த மாநிலத்தின் பட்டியல்படி நமக்குள்ள தகுதி மத்திய அரசின் உதவித்தொகைகளுக்குச் செல்லும். தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் வழங்கிய சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநில அதிகாரியே பிள்ளைக்குச் சான்று தரலாம் என்று உள்துறை அமைச்சகச் சுற்றறிக்கைகள் 1980களிலேயே வழி செய்துள்ளன. அந்தச் சான்றில் எந்த மாநிலத்துப் பட்டியல் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆகவே தாத்தா, அப்பா காலத்துச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்று, ரேஷன் கார்டு எதையும் தொலைத்துவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பாமல் தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

சங்கம் என்ன செய்யப் போகிறது? செயற்குழுவில் முடிவெடுத்ததைச் சொல்கிறோம். ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரவும் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் இருவர் இருப்பார்கள். அறிவிப்புகளும் கடைசித் தேதிகளும் இவ்விதழில் மாதந்தோறும் வரும். பயிற்சி வகுப்புக்கு வெளியூர் செல்லும் மாணவர்க்கு ரயில் கட்டணம் கல்வி நிதியிலிருந்து தரப்படும். ஆய்வுமுறை கற்றுத் திரும்பும் மாணவர் நம் சந்துகளில் வீடுவீடாக ஒரு கணக்கெடுப்பை நடத்தித் தர வேண்டும். எந்த ஆண்டு வந்தோம், என்ன தொழில், எத்தனை பேர் ஒரே அறையில் என்ற விவரம் நம் கையில் இருந்தால்தான், அதிகாரி காட்டும் பட்டியலுக்கு எதிரே நம் பட்டியலை வைக்க முடியும்.

அரசிடம் நம் கோரிக்கைகள் நான்கு: வெளிநாட்டுப் படிப்பில் தலைப்புத் தடையை நீக்க வேண்டும்; தேர்வானவர் அனைவருக்கும் பணம் ஒதுக்க வேண்டும்; நெட் தேர்வைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும்; குடிபெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாழும் மாநிலத்திலேயே கல்விச் சலுகை கிடைக்கச் சட்டம் திருத்த வேண்டும்.

மாணவத் தோழர்களே, கம்ப்யூட்டர் படித்தால்தான் சோறு என்று வீட்டில் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வயிறு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நூறு பேரில் இரண்டு பேராவது இந்தப் பக்கம் வாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஐந்து ஆண்டு சுமையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு சங்க அலுவலகத்துக்கு வந்து சேருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.