திறந்த கதவும் தொழிலாளியின் பங்கும்

(பிடோக்கில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெளிநாட்டு வாணிப ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது, "அது அமைச்சர்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் உரிய சங்கதி, விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவனுக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இந்த மேடைக்கு வந்திருக்கிறோம்.

நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பிடோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இங்கே குன்றுகளும் தென்னந்தோப்புகளும் கம்பங்களும் இருந்தன. 1966ல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். குன்றை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். 1970களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று சிங்கப்பூரில் பால் எடுத்துப் பிழைக்கும் ரப்பர்த் தோட்டம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஜொகூரிலும் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் சீவும் பாலுக்கு என்ன விலை என்பதை, சிங்கப்பூர்ச் சந்தையைப் பார்த்துத்தான் உலக வியாபாரிகள் கணக்கிடுகிறார்கள். மரம் இல்லாத ஊரில் மரத்தின் விலை! இது எப்படி வந்தது? வாணிபத்தால் வந்தது.

தீர்வை என்னும் சுவர்

ஒரு பெட்டி ரப்பர்க் கையுறையின் விலை பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் நாடு பத்து சதவிகிதம் தீர்வை போட்டால், அங்கே அது பதினொரு வெள்ளியாகிவிடும். தீர்வை இல்லாத இன்னொரு நாட்டான் பத்து வெள்ளிக்கே விற்றால் யார் சரக்கு போகும்? நம் சரக்கு கிடங்கில் தூங்கும். சரக்கு தூங்கினால் தொழிற்சாலை பால் வாங்காது. பால் வாங்காவிட்டால் மரத்துக்கு ஓய்வு. மரத்தோடு நமக்கும் ஓய்வு, சம்பளம் இல்லாமல்! எங்கோ ஒரு துறைமுகத்தில் போடும் தீர்வை, செக்ரோலில் நம் பெயருக்கு எதிரே வந்து விழுகிறது. இரண்டு நாடுகள் கூடி, "உன் சரக்குக்கு நான் தீர்வை போடமாட்டேன், என் சரக்குக்கு நீயும் போடாதே" என்று எழுதிக்கொள்வதுதான் தடையில்லா வாணிப ஒப்பந்தம்.

சிங்கப்பூர் 1819 முதற்கொண்டே சுங்கமில்லாத் துறைமுகம். இன்றும் சாராய வகைகள் சில நீங்கலாக இறக்குமதிக்குத் தீர்வை கிடையாது. நம் கதவு முன்பே திறந்திருக்க ஒப்பந்தம் எதற்கு என்று கேட்கலாம். நம் கதவு திறந்திருந்து என்ன பயன், எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தால்? அந்தக் கதவைத் திறக்கத்தான் ஒப்பந்தம். திறந்த கதவை அவர்கள் நினைத்த நேரத்தில் சாத்திவிடாமல் இருக்கவும் அதுவே கைப்பத்திரம்.

ரப்பர் கற்றுத் தந்த பாடம்

கதவைச் சாத்திப் பார்த்த கதையும் நமக்குத் தெரியும். முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை விழுந்தது. 1922ல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, மலாயாவிலும் இலங்கையிலும் இருந்து ஏற்றுமதியாகும் ரப்பரைப் பிரிட்டிஷ் சர்க்கார் அளந்துவிட்டது. விலை ஏறியது, 1925ல் ராத்தல் நான்கு சிலிங்கையும் தாண்டியது. தோட்டத் துரைமார்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அங்கே சிறு விவசாயிகள் புதிது புதிதாக மரம் நட்டார்கள். அமெரிக்கர்கள் லைபீரியாவிலும் பிரேசிலிலும் தோட்டம் போடக் கிளம்பினார்கள். 1928ல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் போட்டியாளர் வளர்ந்துவிட்டார்.

பின்னால் வந்தது உலகப் பெருமந்தம். 1930ல் அமெரிக்கா தீர்வைச் சுவரை உயர்த்தியது. மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. மந்தம் இன்னும் முற்றியது. நம் பாட்டன்மார் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது அந்த ஆண்டுகளில்தான். சுவர் எழுப்பியவர்கள் யாரோ; மூட்டை கட்டியவர்கள் நாம்.

இன்னொரு பாடம் இலங்கையில் இருக்கிறது. கொரியப் போர் நடந்த காலம். சீனாவுக்கு ரப்பர் விற்கக்கூடாது என்று வல்லரசுகள் தடுத்தன. இலங்கையிலோ அரிசிப் பஞ்சம். ரப்பர் விலையும் சரிந்துகொண்டிருந்தது. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் அரிசி–ரப்பர் ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் போகும். 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சந்தையை விட நல்ல விலை கிடைத்தது. கோபம் கொண்ட அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆயினும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. இது இரு சர்க்கார்கள் செய்த பண்டமாற்று. தடையில்லா வாணிபம் அல்ல. ஆனால் ஒரு சிறிய நாடு யாரிடம் விற்பது, யாரிடம் வாங்குவது என்பதில் அதன் சுதந்திரமே அடங்கியிருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

சந்தை இழந்த நாடு

சிங்கப்பூருக்கும் அந்தச் சோதனை வந்தது. 1963ல் மலேசியாவோடு சேர்ந்தபோது பொதுச் சந்தை அமையும் என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். அது நடைமுறைக்கு வருமுன்னரே 1965 ஆகஸ்ட் 9ல் பிரிவினை வந்தது. நிலமும் இல்லை, நீரும் போதாது. நம்பியிருந்த சந்தையும் போயிற்று. பக்கத்துச் சந்தை சாத்தப்பட்டால் உலகச் சந்தைக்குப் போவதைத் தவிர வேறு வழி உண்டா?

அந்த வழியில் நடந்த நடையைப் பாருங்கள். 1992 ஜனவரியில் ஆசியான் தடையில்லா வாணிப வட்டார உடன்பாடு சிங்கப்பூரிலேயே கையெழுத்தாயிற்று. 2001ல் நியூசிலாந்தோடு செய்தது நடைமுறைக்கு வந்தது. 2004ல் அமெரிக்கா, 2005ல் இந்தியா, 2018ல் பசிபிக் நாடுகளின் கூட்டு ஒப்பந்தம், 2019ல் ஐரோப்பிய ஒன்றியம், 2022ல் சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா உள்ளிட்ட பெரிய வட்டார ஒப்பந்தம். இப்படி இருபத்தைந்துக்கும் மேலாகிவிட்டன. இந்நாட்டின் வாணிபம் அதன் மொத்த உற்பத்தியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. கப்பல் நின்றால் அடுப்பு நிற்கும்.

ஆசியான் ஒப்பந்தத்தில் கிராணிமார்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. ஒரு சரக்கின் மதிப்பில் 40 சதவிகிதம் ஆசியான் நாடுகளில் உண்டானதாக இருந்தால், அது ஆசியான் சரக்கு என்ற சான்றிதழ் பெற்றுத் தீர்வைச் சலுகை பெறலாம். மலேசியப் பால் தாய்லாந்துத் தொழிற்சாலையில் டயராகி இன்னொரு ஆசியான் நாட்டுக்குப் போனால், அந்தப் பாலின் மதிப்பும் கணக்கில் சேரும். எல்லைக்கு அப்பாலுள்ள தொழிற்சாலையும் நம் பாலைத் தேடி வருவதற்கு இது ஒரு காரணம்.

ஒப்பந்தத்தால் வரும் நன்மை காசு மட்டுமல்ல. பாதுகாப்பும் அதில் இருக்கிறது. நம்மோடு வாணிபம் செய்து பிழைக்கிற நாடு நமக்கு வரும் கேட்டைத் தன் கேடாகவும் எண்ணும். ஆனால் ஒரே ஒரு நண்பனை நம்பியிருப்பது ஆபத்து. 2025 ஏப்ரலில், ஒப்பந்தம் இருந்தும் அமெரிக்கா சிங்கப்பூர்ச் சரக்குக்குப் பத்து சதவிகிதத் தீர்வை விதித்தது. காகிதம் வல்லரசைக் கட்டிவிடாது என்று அன்று கண்டோம். ஒரு கதவு பாதி மூடினால் மற்றக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். பல நாடுகளோடு ஒப்பந்தம் செய்து வைத்ததன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

நம் பங்கு எங்கே?

தோழர்களே! இதுவரை நன்மையைச் சொன்னோம். நன்மை தானாக நடந்து தொழிலாளியின் வீட்டுக்கு வருமா? வராது. நாம் போய்த்தான் அழைத்து வர வேண்டும்.

முதலாவது, பட்டியலைப் படிக்க வேண்டும். 2009ல் ஆசியானும் இந்தியாவும் சரக்கு வாணிப ஒப்பந்தம் செய்தபோது, இயற்கை ரப்பரை இந்தியா விலக்குப் பட்டியலில் வைத்தது. அப்படியும் விவசாயிகளின் அச்சம் தீராமல், அந்த ஆண்டு அக்டோபர் 2ந் தேதி கேரளத்தில் மனிதச் சங்கிலிப் போராட்டம் நடந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பால் வெட்டுகிறவனுக்கு அந்த விலக்கு ஒரு வேலி. நமக்கோ அது சாத்திய கதவு. இருவரும் தொழிலாளிகளே. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் தவறு. கையெழுத்தாகுமுன் எந்தச் சரக்குக்கு எத்தனை ஆண்டில் தீர்வை நீங்குகிறது, அதனால் வேலை இழப்பவனுக்கு மறுபயிற்சி உண்டா என்று சங்கம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உழைப்பின் மானத்தை ஒப்பந்தத்தில் எழுதச் செய்ய வேண்டும். 2020ல் மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை, கட்டாய உழைப்பு என்று காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் தரகர்களுக்கு அழுத பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021ல் தடை நீங்கியது. சந்தை வேண்டுமென்றால் தொழிலாளியை மனிதனாக நடத்து! பசிபிக் கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டுப் பேரம் பேசும் உரிமையும் எழுதப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உறுப்பினர்கள். அந்த எழுத்தை மேசைமேல் வைத்துப் பேச நாம் கற்க வேண்டும்.

மூன்றாவது, பிளவுக்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தின் பெயரையே இந்நாட்டில் இந்தியரைப் பழிக்கும் சொல்லாகச் சிலர் ஆக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறவனும் அந்தப் பழிச்சொல்லைக் கேட்க நேர்ந்தது. 2021ல் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. இந்தியருக்குத் தங்குதடையின்றி வேலை அனுமதி தரவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என அமைச்சர்கள் விளக்கினார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பயிற்சியும் நேர்மையான வேலைச் சட்டமும். பக்கத்து வீட்டுக்காரனைப் பழிப்பது மருந்தல்ல.

தோழர்களே! ரப்பர் மரமே கடல் கடந்து வந்ததுதான். 1877ல் இலங்கை வழியாக 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. கடலை மூடிவிட்டு நாம் வாழ முடியாது. கதவு திறந்திருக்கட்டும், ஆனால் அதன் வழியே வரும் செல்வத்தில் மங்கு துடைத்த கைக்கும் கணக்கு எழுதிய கைக்கும் உரிய பங்கு வந்து சேரட்டும். அதைக் கேட்டுப் பெறும் வலிமை தனி மனிதனுக்கு இல்லை, சங்கத்துக்கு உண்டு.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!