குரோம்பேட்டையில் எதைக் காப்பாற்றுவது, யாரிடம் கேட்பது?

(குரோம்பேட்டையில் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்லாவரத்தின் பெயரில் பல்லவர்கள் இருக்கிறார்கள். திருநீர்மலை என்றதும் பெருமாள் கோயில் நினைவுக்கு வருகிறது. குரோம்பேட்டையின் பெயரில் இருப்பதோ ஒரு தோல் தொழிற்சாலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் இது. தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சாதிச் சமூகம், தன் வீட்டு முகவரியில் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறது. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் பதப்படுத்தியவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எங்கே கூடிப் பேசினார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"குடியிருக்க வீடில்லாதவன் பழைய கட்டடத்தைக் காப்பாற்றி என்ன செய்வது?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓட்டு வீடு கட்டக்கூட சாதி அனுமதிக்காத ஊர்கள் இருந்தன. கல்லில் கட்டியவனின் வரலாறு நின்றது, ஓலையில் வாழ்ந்தவனின் வரலாறு மழையோடு போயிற்று. மிச்சமிருக்கும் சங்கக் கட்டடம், இரவுப் பள்ளி, படிப்பகம் ஆகியவற்றையும் இழந்தால், நாம் இங்கே இருந்ததற்கு என்ன சாட்சி?

லண்டனில் 1921-22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கியிருந்த வீடு விற்பனைக்கு வந்தபோது அங்கிருந்த அம்பேத்கரியர்கள் அதைக் கவனித்தார்கள், மகாராட்டிர அரசை அணுகினார்கள். 2015இல் அரசு அந்த வீட்டை வாங்கியது. அருங்காட்சியகம் வைக்கக் கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் மறுத்தது. போராடி 2020இல் அனுமதி பெற்றார்கள். அது அரண்மனை அல்ல, அவர் வாடகைக்கு இருந்த வீடு.

சரி, நாம் எங்கே தொடங்குவது? முதலில் ஆவணம். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள். படம் எடுங்கள், அளவெடுங்கள். அங்கே வேலை செய்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். இது இல்லாமல் பணம் கேட்கவும் முடியாது.

அடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது? இங்கேதான் கவனம் வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னமாக அறிவித்தால், சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி பெற வேண்டும். பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ள பழைய பல்லாவரத்தில் மக்கள் இதனால் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். நம் நினைவுச் சின்னம் நம் மக்களின் வீட்டுக் கூரைக்கே தடையாகக் கூடாது. எனவே, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவை அணுகுவது பொருத்தமானது. நீதிபதி பத்மநாபன் குழு சென்னைக்குத் தந்த பட்டியலில் 467 கட்டடங்கள் இருந்தன. அப்படிப்பட்ட பட்டியல்களில் உழைப்பவர்களின் கட்டடங்கள் எத்தனை என்று நாம் கேட்க வேண்டும். தொழில்நுட்ப ஆலோசனைக்கு 1984 முதல் இயங்கும் இன்டாக் அமைப்பு இருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பாழாகும். அறிந்தவர்களைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பணம்? கம்பெனிகள் சட்டம் 2013, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களைச் சீரமைப்பதும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. பக்கத்திலேயே மெப்ஸ் வளாகம் இருக்கிறது. அங்குள்ள நிறுவனங்களின் கதவைத் தட்டுங்கள். கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தமானதாக இருந்தால், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் இடமுண்டா என்று தாம்பரம் மாநகராட்சியில் எழுத்து மூலம் கேளுங்கள். ஆனால் பணம் தருபவர் தன் பெயரைப் பெரிதாகவும் தொழிலாளியின் பெயரைச் சிறிதாகவும் எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கோயில் குளத்தைச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்கினால் அது இயல்பாகத் தெரிகிறது. சேரியின் படிப்பகத்துக்குக் கேட்டால் மட்டும் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை மாற்றுவதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் கதை தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் போய் உட்காருங்கள். மனு எழுதுவதை அடுத்த கூட்டத்தில் சேர்ந்து செய்வோம்.

ஜெய்பீம்!