முதுமையும் மருத்துவச் செலவும்

மருந்துச் சீட்டு நீள்வதே முதுமையின் இயல்பு என்று எண்ணுவோர் பலர். 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று அவ்வெண்ணத்தை அசைத்தது. நீரிழிவு வரும் நிலையிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றொரு பிரிவினர்க்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எஞ்சியோர்க்கு வாரம் 150 நிமிட நடை, அளவான உணவு, உடனிருந்து வழிகாட்ட ஒருவர். நடந்தோரிடையே நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. அறுபதைக் கடந்தோரிடமோ 71 விழுக்காடு! அவ்வயதினர்க்கு மாத்திரை அத்துணைப் பயன் தரவில்லை என்பதையும் கருதுக.

பின்னர் ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் முதியோரைக் குழுக்களாகக் கூட்டி இப்பயிற்சியை அளித்தனர். பயின்றோர் ஒவ்வொருவர்க்கும் 15 மாதங்களில் 2,650 டாலர் செலவு மிச்சமாயிற்று என, முதியோர்க்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர் 2016-இல் கணக்கிட்டது. 2018 ஏப்ரல் முதல் இப்பயிற்சிக்கு அதுவே பணம் தருகிறது.

எனினும் சேர்ந்தோர் எதிர்பார்த்ததினும் மிகச் சிலரே. பயின்றோர் தவறாது வருவதையும் எடை குறைவதையும் பார்த்தே நடத்துவோர்க்குத் தொகை அளிக்கப்படுவதால், முன்வரும் அமைப்புகள் குறைவு. நோய் வந்தபின் ஆயிரமாயிரம் டாலர் வழங்கும் திட்டம், நோய் வாராமற் காப்போரிடம் தராசு பிடிப்பது வருந்தத்தக்கதே.