பின்வடம்

குடமுழுக்கு நிறைவெய்திய இந்நன்னாளில் தேரைப் பற்றிச் சில சொல்லுதல் பொருந்தும். தேருக்குச் சமநிலத்து வீதி வேண்டும் என்பர். மேடும் பள்ளமுமான மலையூரில் தேர் எவ்வாறு ஓடும்?

பழனிமலைத் தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது கோடைக்கானல். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சி அங்குக் குடியேறினர். ஊர் பின்னர் வளர்ந்து நகராட்சியாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் 36,501 பேர். ஏரியைக் கண்டு மீள்வோரே பலர். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய சிற்றூர்கள் அந்நகருக்கு முற்பட்டவை என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்?

பூம்பாறையில் மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்தி வெள்ளைப்பூண்டு பயிரிடுகின்றனர். கோடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டு திருமடைப்பள்ளிக்கு விலக்கு. அதனை விளைத்த கைகளுக்கு விலக்கில்லை. அக்கைகளே அங்குத் தேர்வடம் பிடிக்கின்றன.

அவ்வூரில் எழுந்தருளியிருப்பவர் குழந்தை வேலப்பர். பழனித் திருக்கோயிலைச் சார்ந்த உபகோயில் அது. திருவுருவம் போகர் தசபாடாணத்தால் சமைத்தது என்பர். அருணகிரியாரை அரக்கி ஒருத்தி அணுகியபோது முருகன் குழந்தையாய்த் தோன்றிக் காத்தமையின் இப்பெயர் வந்தது என்பதும் அவ்வூர் வழக்கு.

தைப்பூசம் கழிந்து சில நாட்களில் தேர் புறப்படும். முன்னே வடம் இருத்தல் எங்கும் உள்ளது. இங்குப் பின்னேயும் வடம் உண்டு. ஏற்றத்தில் முன்வடத்தார் இழுப்பர். இறக்கத்தில் அவர் இழுத்தல் தகாது. பின்வடத்தார் தம் உடலெல்லாம் பின்சாய்த்துத் தேரைத் தாங்கியவாறே இறக்குவர். அவர் கை தளர்ந்தால் தேரும் நில்லாது, முன்னிற்போர் உயிரும் நில்லாது.

ஐந்தொழிலுள் மறைத்தலை அருள் என்று ஆன்றோர் ஏன் கூறினர் என ஐயுறுவார் இத்தேரைக் காண்க. உயிர் பக்குவமெய்தும் முன்னே விரைந்து சரியாதபடி இறைவன் பின்னின்று பற்றிப் பிடிக்கின்றான். பிடிப்பது தடையெனத் தோன்றும், அதுவும் திருவருளே. முன்வடமும் பின்வடமும் இழுப்பது ஒரே தேரைத்தான் அல்லவா?

இத்திருக்கோயிற் பணிக்குப் பொருளீந்த செல்வர்தம் பெயர்களைக் கல்லிற் பொறித்தல் தக்கதே. 48 நாள் மண்டலாபிடேகம் நிறைந்த பின்னரும் விளக்கிடவும் பூத்தொடுக்கவும் வாகனம் சுமக்கவும் ஆள் வேண்டும். அவர் பெயர் எக்கல்லிலும் இராது. அவர்தம் மக்கள் பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் போய்விட்டால், பொன்வேய்ந்த விமானத்தின் கீழ் இறைவன் திருவீதியுலாவின்றி இருக்க நேரும். ஒரு கலசத்துக்கு ஆகும் பொருளிற் சிறு பகுதியை ஸ்ரீபாதந்தாங்கிகளின் பிள்ளைகள் கல்விக்கு ஒதுக்கினால் எந்த ஆகமமும் குறுக்கே நில்லாது.

திருச்சிற்றம்பலம்.